உங்கள் புத்தாண்டு ஏன் ஏப்ரல் 14? இந்தியாவின் காலண்டரைத் திருத்த முயன்ற மேக்நாத் சாஹாவின் கதை

நீங்கள் மும்பையில் வசிப்பவர் என்றால், ஒரு வருஷத்தில் எத்தனை தடவை புத்தாண்டு வாழ்த்து சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜனவரி 1 எல்லோருக்கும் பொது. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பம் ஜன்னலில் குடி கட்டும், அன்றைக்கே தெலுங்கு, கன்னட வீடுகளில் உகாதி. ஏப்ரல் 14-ஐ ஒட்டி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்ப் புத்தாண்டு, கூடவே மலையாளிகளின் விஷு. ஆகஸ்ட் நடுவில் பார்சிகளின் நவ்ரோஸ். தீபாவளி முடிந்த கையோடு குஜராத்தி வியாபாரிகளின் புதுக் கணக்கு. தாராவியில் உங்கள் முஸ்லிம் நண்பரின் ஹிஜ்ரி ஆண்டோ, ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

நாள் மட்டுமல்ல, ஆண்டு எண்ணும் ஆளுக்கு ஆள் வேறு. 2025 அக்டோபர் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் சக ஆண்டில் 1947, ஹிஜ்ரியில் 1447, பார்சிகளின் யஸ்தகர்த் ஆண்டில் 1395, கொல்லம் ஆண்டில் 1201, திருவள்ளுவர் ஆண்டில் 2056. விக்ரம ஆண்டு என்றால் வட இந்தியாவில் 2082, ஆனால் குஜராத்தில் 2081. பெயர் ஒன்றுதான். ஒருவர் பங்குனி-சித்திரை வாக்கில் ஆண்டைத் தொடங்குகிறார், இன்னொருவர் தீபாவளிக்குப் பிறகு தொடங்குகிறார்.

இவ்வளவையும் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவர முடியுமா? சுதந்திர இந்தியா ஒருமுறை உண்மையிலேயே முயன்று பார்த்தது. அந்தப் பொறுப்பு கோயில் ஜோதிடர் யாருக்கும் போகவில்லை. நட்சத்திரங்களின் வெப்பத்தைக் கணக்கிட்டு உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானியிடம் போனது. பஞ்சாங்கம் பார்த்துச் சடங்கு செய்யும் வழக்கம் அவருக்கு இல்லை. சாதியின் பெயரால் பூஜை மேடையிலிருந்து ஒதுக்கப்பட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர் பெயர் மேக்நாத் சாஹா.

மளிகைக்கடை மகன்

1893 அக்டோபர் 6-ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் டாக்கா அருகே உள்ள செவ்ராதலி என்ற கிராமத்தில் சாஹா பிறந்தார். அன்று இரவு புயலும் மழையுமாக இருந்ததால் மேகத்தின் பெயரை வைத்தார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மேகநாதன் என்றால் உங்களுக்குத் தெரியும், ராவணன் மகன் இந்திரஜித்.

அப்பா ஜகந்நாத் சாஹா ஊரில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருந்தார். ஐந்தாவது பிள்ளையான மேக்நாத்தும் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பதுதான் வீட்டு எண்ணம். ஆனால் பையன் படிப்பில் சுட்டி. நடுநிலைப் பள்ளி சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த ஊரில் இருந்த மருத்துவர் அனந்த குமார் தாஸ், பையனைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். அதற்குப் பதிலாக வீட்டு மாட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைக்க வேண்டும். தட்டைக் கழுவச் சொன்னது வேலைக்காக இல்லை, சாதிக்காக.

மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறி, உதவித்தொகையுடன் 1905-இல் டாக்கா காலேஜியேட் பள்ளிக்குப் போனார். அது வங்கப் பிரிவினை நடந்த ஆண்டு. ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் சாஹாவும் ஒருவர். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உதவித்தொகையும் போனது. வேறொரு பள்ளி இடம் கொடுத்ததால் படிப்பு தப்பித்தது.

1911-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. வகுப்புத் தோழர் சத்யேந்திரநாத் போஸ். ஆசிரியர்கள் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும். இந்தியாவில் இதைவிடப் பெரிய வகுப்பறை அன்று கிடையாது. ஆனால் விடுதியில் கதை வேறு. மேல்சாதி மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூஜையில் மேடை அருகே வர விடவில்லை. கல்விக்கான தெய்வத்தின் பூஜையில், அந்த விடுதியிலேயே நன்றாகப் படித்த மாணவர்களில் ஒருவருக்கு இடமில்லை.

இந்த இடத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 40 ஆண்டுகள் கழித்து, அந்தப் பூஜைகள் எந்த நாளில் வர வேண்டும் என்ற கணக்கை இந்திய அரசு ஒப்படைத்தது இவரிடம்தான்.

நட்சத்திரத்தின் காய்ச்சலை அளந்தவர்

சாஹா எதனால் பிரபலம்? சுருக்கமாகப் பார்க்கலாம்.

நட்சத்திர ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்தால், இடையிடையே கருப்புக் கோடுகள் தெரியும். எந்தத் தனிமம் இருக்கிறது என்பதற்கு அந்தக் கோடுகள் அடையாளம். ஆனால் சில நட்சத்திரங்களில் ஒரு தனிமத்தின் கோடு பளிச்சென்று தெரிகிறது, சிலவற்றில் தெரிவதே இல்லை. அந்தத் தனிமம் அங்கே இல்லையா, அல்லது இருந்தும் தெரியவில்லையா?

1920-இல் சாஹா வெளியிட்ட சமன்பாடு இதற்குப் பதில் சொன்னது. வெப்பம் ஏற ஏற அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழக்கின்றன. எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை அணுக்கள் அப்படி இழந்திருக்கும் என்று கணக்கிட முடிந்தால், கோடுகளைப் பார்த்தே நட்சத்திரத்தின் வெப்பத்தைச் சொல்லிவிடலாம். டாக்டர் தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரிதான். சாஹா சமன்பாடு என்றே இன்றும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அது இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 26.

அதே காலத்தில் போஸும் அவரும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு லண்டன், பெர்லின் ஆய்வுக்கூடங்கள், 1923 முதல் அலகாபாத் பல்கலைக்கழகம், 1927-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, 1938-இல் மீண்டும் கல்கத்தா.

மும்பைக்கு என்ன தொடர்பு?

1934 ஜனவரியில் இந்திய அறிவியல் மாநாடு பம்பாயில் கூடியபோது அதற்குத் தலைவர் சாஹா. நாட்டுக்கென ஒரு தேசிய அறிவியல் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கையை அங்கே அவர் வலுவாக முன்வைத்தார். அடுத்த ஆண்டே அப்படி ஓர் அமைப்பு உருவானது. 1938 டிசம்பரில் காங்கிரஸின் தேசியத் திட்டக் குழு முதன்முதலாகக் கூடியதும் பம்பாயில்தான். நேரு தலைவர், சாஹா உறுப்பினர்.

இன்னொரு தொடர்பு கொஞ்சம் கசப்பானது. செம்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் டிராம்பே இருக்கிறது இல்லையா? 1954-இல் அங்கே அணுசக்தி நிலையம் உருவானது, ஹோமி பாபாவின் தலைமையில். சாஹா கல்கத்தாவில் தனியாக அணு இயற்பியல் நிறுவனம் கட்டியவர். அணு ஆராய்ச்சியை ரகசியமாக ஓரிடத்தில் குவிக்கக் கூடாது, பல்கலைக்கழகங்களில் திறந்து நடத்த வேண்டும் என்று வாதாடினார். 1952 தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் காங்கிரஸை எதிர்த்து நின்று வென்று, நாடாளுமன்றத்திலும் இதைப் பேசினார். அந்த வாதத்தில் அவர் தோற்றார், டிராம்பே வளர்ந்தது.

தன்னை இப்படி விமர்சித்துக்கொண்டிருந்தவரைத்தான் நேரு அரசு அதே 1952 நவம்பரில் ஒரு குழுவுக்குத் தலைவராக்கியது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் அமைந்த அந்தக் குழுவின் பெயர் காலண்டர் சீர்திருத்தக் குழு. நாட்டில் சுமார் 30 வகைக் காலண்டர்கள் புழங்குகின்றன, அரசியல் பிரிவுகளின் மிச்சம் இவை, இனி ஒற்றுமை வேண்டும் என்ற பொருளில் நேரு குழுவுக்குச் செய்தி அனுப்பினார்.

பஞ்சாங்கத்தில் அப்படி என்ன சிக்கல்?

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறோம்.

சித்திரை 1 என்றால் என்ன? சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள். பழைய வானியல் நூல்கள் உருவான காலத்தில், இது பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த கால நாளோடு ஒட்டியே வந்தது. அந்தச் சம நாள் இன்றைக்கு மார்ச் 21 வாக்கில் வருகிறது. ஆனால் நீங்கள் புத்தாண்டு கொண்டாடுவது ஏப்ரல் 14. நடுவில் 23, 24 நாள் எங்கே போச்சு?

ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள் என்பதில்தான் விஷயம். சூரிய சித்தாந்தம் என்ற நூலின்படி ஆண்டுக்கு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 36 விநாடி. ஆனால் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆவது 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 46 விநாடிதான். வித்தியாசம் வருஷத்துக்கு 24 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் 60 ஆண்டில் அது ஒரு முழு நாள். சுமார் 1,400 ஆண்டில் 23 நாள்.

நம் முன்னோர் கணக்கில் தப்பு செய்துவிட்டார்களா என்றால், அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அவர்கள் அளந்தது நட்சத்திரத்தை வைத்து. சூரியன் ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வரும் காலம், பருவ ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். காரணம், சுற்றி ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுகிற மாதிரி பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெதுவாகத் தலையாட்டுகிறது. நட்சத்திரத்தைப் பிடித்தால் பருவம் நழுவும், பருவத்தைப் பிடித்தால் நட்சத்திரம் நழுவும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது.

பொங்கலையும் இதே கணக்கில் பாருங்கள். சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் உத்தராயணம் உண்மையில் டிசம்பர் 22 வாக்கில் நடந்துவிடுகிறது. நாம் தை முதல் நாளை ஜனவரி 14 அல்லது 15-இல் கொண்டாடுகிறோம். அதுவும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி நாளில், தேதி 1863 ஜனவரி 12. அதே சங்கராந்தி இப்போது 14, 15-க்கு வந்துவிட்டது. இப்படியே விட்டால் ஒரு காலத்தில் பொங்கல் கோடையில் வரும், சித்திரைப் புத்தாண்டு மழைக்காலத்தில் வரும். நம் வாழ்நாளில் இல்லை, ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் போகிறது.

இது இந்துக்களின் சிக்கல் மட்டுமா?

இல்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜூலியன் காலண்டரில் ஈஸ்டர் பருவம் தப்பிப் போனதால், 1582-இல் போப் 13-ஆம் கிரகோரி 10 நாளை வெட்டி எறிந்தார். போப் சொன்னதாலேயே புராட்டஸ்டண்ட் பிரிட்டன் 1752 வரை ஏற்கவில்லை. அதற்குள் பிழை 11 நாளாகிவிட்டது. ரஷ்யா 1918-இல்தான் மாறியது.

மும்பை பார்சிகளைப் பாருங்கள். அவர்களுடைய பழைய ஆண்டுக்கு 365 நாள் மட்டுமே, லீப் நாள் கிடையாது. வசந்தத்தில் வர வேண்டிய நவ்ரோஸ் மெல்ல மெல்ல நழுவி ஆகஸ்டுக்கு வந்தது இதனால்தான். 1745-இல் சூரத்தில் தொடங்கிய ஒரு மாத வித்தியாசம் ஷஹன்ஷாஹி, கத்மி என்று சமூகத்தையே இரண்டாக்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயில் குர்ஷேத்ஜி காமா போன்றவர்கள் மார்ச் 21-க்கே திரும்புவோம் என்றார்கள். விளைவு, ஃபஸ்லி என்று மூன்றாவது கட்சி.

ஹிஜ்ரி ஆண்டு வேறு வழியில் போகிறது. அது முழுக்கச் சந்திரனை மட்டும் பின்பற்றுகிறது, ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். பருவத்தோடு ஒட்ட வேண்டும் என்ற நோக்கமே அதற்கு இல்லை. ரம்ஜான் கோடையிலும் வரும், குளிரிலும் வரும், எந்த ஊர்க்காரருக்கும் நிரந்தரமாகக் கஷ்டமான நோன்பு என்று இருக்காது.

தமிழர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒருவர் குரோதி வருஷம் பிறந்தார் என்றால் அது 1964-ஆ, 2024-ஆ? வீட்டுக்குள் இது பிரச்னை இல்லை, ஆளைப் பார்த்தாலே தெரியும். கல்வெட்டில் என்ன செய்வது? ராஜாவின் ஆட்சியாண்டு, கிழமை, திதி, நட்சத்திரம் மட்டும் வெட்டியிருப்பார்கள். அதை வைத்துச் சரியான தேதியைக் கண்டுபிடிக்க உதவியவர் சென்னையைச் சேர்ந்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கிறிஸ்தவரான அவர், கி.பி. 700 முதல் 1799 வரையிலான 1,100 ஆண்டுகளுக்குப் பஞ்சாங்க அட்டவணை போட்டு 1922-இல் பல தொகுதிகளாகக் கொடுத்தார். சோழ, பாண்டிய மன்னர்களின் காலத்தை நிர்ணயிக்க ஆய்வாளர்கள் அதை இன்றும் புரட்டுகிறார்கள்.

சாஹா குழு என்ன செய்தது?

குழுவில் சாஹா மட்டும் இல்லை. அலகாபாத்தின் ஏ.சி. பானர்ஜி, கோரக் பிரசாத், நாகபுரியின் கே.எல். தப்தரி, புனேயின் ஜே.எஸ். கரந்திகர், உஜ்ஜயினியின் ஆர்.வி. வைத்யா, செயலாளராகக் கல்கத்தாவின் நிர்மல் சந்திர லாஹிரி. கடைசிப் பெயரை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1955-இல் அறிக்கை தயாரானது. வேத காலம் முதல் பாபிலோன், எகிப்து, கிரேக்கம் வரை மனிதர்கள் காலத்தை எண்ணிய வரலாறே அதில் அடங்கியிருந்தது. பரிந்துரை இரண்டு பாகம்.

ஒன்று, அரசு வேலைக்கான குடிமைக் காலண்டர். சக ஆண்டைப் பயன்படுத்தலாம், கி.பி. ஆண்டிலிருந்து 78-ஐக் கழித்தால் அது வரும். வானியல் நூல்களும் ஏராளமான கல்வெட்டுகளும் கையாண்ட ஆண்டுக் கணக்கு அது. ஆண்டுத் தொடக்கம் சம நாளுக்கு மறுநாள், மார்ச் 22. லீப் ஆண்டென்றால் மார்ச் 21. முதல் மாதம் சைத்ரத்துக்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதங்களுக்குத் தலா 31, மிச்ச ஆறுக்கும் தலா 30. கோடையில் பூமி சூரியனிலிருந்து தள்ளிப் போய் மெதுவாக நகர்வதால் அந்த மாதங்களுக்கு ஒரு நாள் கூடுதல். இந்தக் கணக்கில் ஆகஸ்ட் 15 எப்போதும் சிராவணம் 24, ஜனவரி 26 எப்போதும் மாகம் 6.

இரண்டு, மதப் பண்டிகைகள். இங்கே சாஹா ஒரு சமரசம் செய்தார். 23 நாளையும் ஒரே வெட்டாக வெட்டச் சொல்லவில்லை. போப் வெட்டலாம், மதச்சார்பற்ற அரசு அமைத்த குழு எப்படி வெட்டும்? அதனால் பண்டிகைகள் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், இதற்கு மேல் நழுவாமல் நிறுத்திவிடுவோம் என்றது குழு. திதியையும் நட்சத்திரத்தையும் பழைய வாய்ப்பாட்டை வைத்துப் போடாமல், வானத்தில் சூரியனும் சந்திரனும் உண்மையில் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா என்று நம் ஊரில் நடக்கும் பழைய சண்டையில், குழு திருக்கணிதத்தின் பக்கம் நின்றது.

உலகத்துக்கே ஒரு காலண்டர்?

சாஹா இந்தியாவோடு நிற்கவில்லை. 1954-இல் ஜெனீவாவில் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முன் போய், உலகக் காலண்டர் என்ற திட்டத்துக்காக வாதாடினார். ஆண்டை 91 நாள் கொண்ட நான்கு சமமான கால்பகுதிகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு ஆண்டும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கும். ஒருமுறை வாங்கிய காலண்டரை மாற்றவே வேண்டாம்.

ஆனால் நான்கு கால்பகுதிக்கு 364 நாள்தானே, மிச்சம் ஒரு நாள்? அதற்குக் கிழமையே கிடையாது என்றது திட்டம். அங்கேதான் முட்டியது. ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்வுநாள் என்பது யூதர்களுக்கு இறைக்கட்டளை. ஒரு நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அவர்களுடைய ஓய்வுநாள் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு கிழமைக்குப் போய்விடும். கிறிஸ்தவர்களிலும் பல பிரிவினர் எதிர்த்தார்கள். அமெரிக்கா ஆதரிக்க மறுத்தது. திட்டம் கிடப்பில் போனது.

ஒருவருக்கு வசதிக்குறைவாகத் தெரியும் அதே விஷயம் இன்னொருவருக்கு நம்பிக்கையின் அச்சாணி என்பதை இந்தியாவில் பார்த்த சாஹா, ஜெனீவாவிலும் பார்த்தார்.

அவர் பார்க்காத புத்தாண்டு

1956 பிப்ரவரி 16. டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது சாஹா மாரடைப்பில் விழுந்தார். வயது 62.

அடுத்த ஆண்டு, 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்ரம் 1 என்று தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்தது. அரசிதழில், அரசு அறிவிப்புகளில், ஆகாசவாணியில் ஆங்கிலத் தேதியோடு சேர்ந்து சகத் தேதியும் வரத் தொடங்கியது. இன்றும் வருகிறது. நீங்கள் எப்போதாவது கவனித்திருக்கிறீங்களா?

இன்னொரு செய்தி கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. இந்தியில் எழுதிய காசோலையில் சக ஆண்டுத் தேதி போட்டிருந்தால் வங்கிகள் அதை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. 2025 அக்டோபர் 1-க்குப் பதில் ஆஸ்வினம் 9, 1947 என்று எழுதலாம். சட்டப்படி செல்லும். கவுண்டரில் இருப்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், அது வேறு விஷயம்.

ஏன் யாரும் பயன்படுத்தவில்லை?

முதல் காரணம், பெயர்க் குழப்பம். புதிய காலண்டர் பழைய மாதப் பெயர்களையே வைத்துக்கொண்டது. மராத்தியரின் சைத்ரம் குடி பாட்வா அன்று தொடங்குகிறது, தேசிய சைத்ரம் மார்ச் 22-இல் தொடங்குகிறது, நம் சித்திரை ஏப்ரல் 14-இல் தொடங்குகிறது. ஒரே பெயரில் மூன்று மாதம். எதைச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தேவை இல்லை. சம்பளம், ரயில் டிக்கெட், பள்ளித் தேர்வு எல்லாவற்றுக்கும் ஆங்கிலத் தேதி போதும். கல்யாணம், காதுகுத்து, திதி எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கம் இருக்கிறது. நடுவில் மூன்றாவதாக ஒன்று எதற்கு?

மூன்றாவது, அரசே ஒரு மனதாக இல்லை. அரசியலமைப்பின் இந்தி வடிவத்தின் முகப்புரையைப் பாருங்கள், அங்கே 1949 நவம்பர் 26-க்கு இணையாக விக்ரம ஆண்டு 2006 என்று இருக்கிறது. தேசிய நாட்காட்டியோ சக ஆண்டு.

நாலாவது காரணம்தான் ஆழமானது. புத்தாண்டு என்பது வெறும் கணக்கு இல்லை, நான் யார் என்பதற்கான பதில். தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் சட்டம் ரத்தானது, புத்தாண்டு சித்திரைக்குத் திரும்பியது. அந்த விவாதத்தில் யாரும் 24 நிமிடக் கணக்கைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. பேசியதெல்லாம் எது நம்முடையது என்பதைப் பற்றித்தான்.

மும்பைக்கும் இந்தப் பிடிவாதம் புதிதில்லை. 1906-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தபோது, அதைவிட 39 நிமிடம் பின்தங்கிய பம்பாய் நேரத்தை இந்த ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, பத்தாண்டுக் கணக்கில் இரண்டு நேரமும் ஊரில் ஓடின.

அப்படியானால் சாஹா தோற்றுவிட்டாரா?

சாஹா பிறந்த மண்ணில் முதலில் பாருங்கள். வங்கதேசம் தன் வங்காளி நாட்காட்டியைச் சீர்திருத்தி, பருவ ஆண்டோடு கட்டிவிட்டது. அங்கே புத்தாண்டு எப்போதும் ஏப்ரல் 14. எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், சில ஆண்டு 14, சில ஆண்டு 15. மொழி ஒன்று, மாதப் பெயர் ஒன்று, நாள் மட்டும் வேறு. சாஹா சொன்ன வழிக்கு நெருக்கமாகப் போனது வங்கதேசம்தான்.

அடுத்து, கொல்கத்தா. குழுவின் பரிந்துரைப்படி தொடங்கிய பணி இன்றும் வானிலைத் துறையின் கீழ் நடக்கிறது. ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் ஆண்டுதோறும் தமிழ் உட்படப் பல மொழிகளில் வருகிறது.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் போன். அதில் ஏதாவது ஜாதகச் செயலியைத் திறந்து அமைப்புகளுக்குள் போங்கள். அயனாம்சம் என்று ஒரு வரி இருக்கும், எதிரே பெரும்பாலும் லாஹிரி என்று போட்டிருக்கும். நட்சத்திர ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் சம நாள் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்தான் அயனாம்சம். அந்த எண்ணுக்கு நாடு முழுக்க ஆளுக்கொரு மதிப்பு வைத்திருந்தார்கள். சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் எதிர்ப் புள்ளியை அடிப்படையாக வைத்து, 1956 மார்ச் 21 அன்று 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்தது சாஹா குழு. செயலாளராக இருந்த நிர்மல் சந்திர லாஹிரியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பருவத்துக்கும் பண்டிகைக்கும் இடையிலான இடைவெளி இனி வளரக் கூடாது என்பதற்காக எடுக்கப்பட்ட எண் அது. இன்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் பொருத்தம் பார்க்கவும் தசாபுத்தி எழுதவும் பயன்படுகிறது. கிரகங்கள் மனிதர் தலைவிதியை எழுதுகின்றன என்பதை ஒருபோதும் ஏற்காதவர் சாஹா. பழைய நூல்களில் எல்லா அறிவியலும் ஏற்கெனவே இருக்கிறது என்று பெருமை பேசியவர்களோடு வங்காளப் பத்திரிகைகளில் காரசாரமாக மோதியவர். அவர் விரும்பிய காலண்டரை நாடு பரணில் போட்டது, அதற்காகப் போட்ட கணக்கை ஜோதிடர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு 60 ஆண்டுக்கும் சுமார் ஒரு நாள் என்று நம் பண்டிகைகள் பருவத்தை விட்டு விலகிக்கொண்டே போகின்றன. அதை நிறுத்தும் வழி 1955-லேயே கணக்கிட்டு அச்சில் வந்துவிட்டது. அதைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்பது வானியல் கேள்வி இல்லை. எந்தப் பண்டிகையை எதற்காகக் கொண்டாடுகிறோம், அறுவடைக்காகவா, நட்சத்திரத்துக்காகவா, தாத்தா கொண்டாடிய அதே நாள் என்பதற்காகவா என்ற கேள்வி. பதில் விஞ்ஞானி கையில் இல்லை, ஒவ்வொரு சித்திரைக்கும் வாசலில் கோலம் போடுகிற உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.